டப்பா மாட்டிய கரடியும் நாற்பத்தோரு அம்சங்களும்

கண்ணாடிக்காரருக்கு வந்த கடிதத்தில் அவரை ‘ஒளியியல் வல்லுநர்’ என்று குறிப்பிட்டிருந்தார்கள். இருபத்தெட்டு வருடமாக அதே தெருவில், அதே கடையில் மூக்குக்கண்ணாடி விற்றுக்கொண்டிருக்கிறவர். அவரை ஊரில் கண்ணாடிக்காரர் என்பார்கள். கண்ணாடி சரியில்லை என்றால் வேறு மாதிரியும் சொல்வார்கள். வல்லுநர் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. யார் வீட்டுக் கடிதமோ மாறி வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். விலாசம் சரியாகவே இருந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். அங்கே அவர் மனைவி சாணைச் சக்கரத்தின் முன் உட்கார்ந்து ஒரு லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கடையில் பேசுவது அவர் வேலை, தேய்ப்பது அவள் வேலை. ஈரக் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தாள். எதிர்க் கட்டடத்தில் இருக்கும் விலங்கு மீட்புத் துறை, தன்னுடைய மயக்க ஊசித் துப்பாக்கிக்கு ஒரு ஸ்கோப் வாங்கப்போகிறது. எந்த அம்சம் முக்கியம், எது அடுத்தது என்று வரிசைப்படுத்த ஒரு குழு போட்டிருக்கிறது. விதிப்படி குழுவில் வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும்.

“ஸ்கோப்னா?”

“துப்பாக்கி மேல மாட்டிக் குறி பாக்கிற குழல். உள்ள நம்ம லென்ஸ்தான்.”

“அதுக்கு எதுக்கு நீங்க?”

“வெளியாள் வேணும்னு போட்டிருக்கே. ஜன்னலைத் திறந்ததும் நம்ம போர்டுதான் கண்ணுல பட்டிருக்கும்.”

அவள் மறுபடி சக்கரத்தைச் சுற்ற விட்டாள். வல்லுநர் திங்கட்கிழமை காலை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு தெருவைக் கடந்தார்.

கூட்ட அறை இரண்டாவது மாடியில் இருந்தது. நீள்வட்ட மேசை, சுவரோரம் ஒரு மீன்தொட்டி, வெளியே நீளமான நடைபாதை, அதன் கோடியில் ஒரு கடிகாரம். மேசையின் தலைப்பக்கம் இயக்குநர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்புறம் கணக்கு அதிகாரி, இடப்புறம் சட்ட ஆலோசகர். கதவுக்குப் பக்கத்தில், இடுப்பில் சாவிக்கொத்தோடு ஸ்டோர்காரர். கடைசி நாற்காலியில், காய்ந்த சேறு ஒட்டிய பூட்ஸோடு ஒரு பெண்மணி. துறையில் இருக்கும் ஒரே விலங்கு மருத்துவர். டாக்டரம்மா என்று கூப்பிட்டார்கள்.

ஸ்கோப் கேட்டு விண்ணப்பம் கொடுத்ததே டாக்டரம்மாதான். ஊர் எல்லையில் இருக்கும் பிஸ்கட் ஆலையின் குப்பைமேட்டில் ஒரு கரடி தலையை விட்டது. தலை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் காதுவரை மாட்டிக்கொண்டது. டப்பாவின் அடியில் ஒரு விரிசல். அது வழியாகத் தண்ணீரை நக்கிக் குடிக்கிறது, தின்ன முடியவில்லை. ஐந்து நாளாகிறது. பகலெல்லாம் புதரில் கிடந்துவிட்டு, பொழுது சாயும்போதுதான் வெளியே வருகிறது. நாற்பதடிக்குள் நெருங்கினால் ஓடிவிடும். மயக்க ஊசி தோளில் விழ வேண்டும். வயிற்றில் விழுந்தால் கரடி செத்துப்போகும். மங்கின வெளிச்சத்தில் வெறுங்கண்ணுக்குத் தோள் எது, புதர் எது என்று தெரிவதில்லை. பழைய ஸ்கோப்புக்குள் பனி படிந்துவிட்டது. இவ்வளவுதான் விஷயம். இதை அவர் அரை நிமிடத்தில் சொல்லி முடித்தார்.

கரடி பற்றிய விவரம் நிகழ்ச்சி நிரலில் ஒன்பதாவதாக, ‘இதர விஷயங்கள்’ என்ற தலைப்பில் வருகிறது என்று இயக்குநர் அவரைக் கையமர்த்தினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தொடக்கவுரை ஆற்றினார்.

“நாம இங்க ஸ்கோப் வாங்கக் கூடல. ஸ்கோப்பை யார் வேணும்னாலும் வாங்கலாம், கடைக்குப் போனா பத்து நிமிஷம். ஏன் வாங்கினீங்கன்னு நாளைக்கு யாராவது கேட்டா? அந்தக் கேள்விக்கு பதில் தயாரா வெச்சுக்கிறதுதான் இந்தத் துறையோட வேலை. விலங்கெல்லாம் அதுக்கு அடுத்தது.”

எல்லாரும் தலையாட்டினார்கள். பழக்கதோஷத்தில் கண்ணாடிக்காரரும் ஆட்டிவிட்டார்.

விற்பனைப் புத்தகங்களிலிருந்து நாற்பத்தோரு அம்சங்களைத் திரட்டி வைத்திருந்தார்கள். கணக்கு அதிகாரி எல்லாவற்றையும் விட உருப்பெருக்கம்தான் பிரதானம் என்றார். ஒரு பொருளை முப்பத்திரண்டு மடங்கு பெரிதாகக் காட்டுகிற ஸ்கோப் இருக்கும்போது, நான்கு மடங்கு காட்டுவதை வாங்கினால் மீதி இருபத்தெட்டு மடங்கு எங்கே போனது என்று தணிக்கையில் கேட்பார்கள் என்பது அவருடைய வாதம். சட்ட ஆலோசகருக்கு ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோடு மேல் ஆட்சேபம்.

“கோடு இருந்தா குறி வெச்சதா ஆகும். குறி வெச்சா உள்நோக்கம் வந்துடுது. உள்நோக்கம் இல்லாம சுடுற மாதிரி ஒரு ஸ்கோப் இருந்தா துறைக்குப் பாதுகாப்பு.”

ஸ்டோர்காரரிடம் கேட்டபோது, பெட்டி சதுரமாக இருந்தால் அலமாரியில் அடுக்கச் சௌகரியம் என்று மட்டும் சொன்னார். அதுவும் ஓர் அம்சமாகி, கணக்கு சரியாக நாற்பத்தொன்றில் நிற்க வேண்டும் என்பதற்காக வேறொன்றை அடித்தார்கள். அடித்தது எதை என்று பார்த்து வைத்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் வல்லுநரின் முறை வந்தது. கண்ணாடிக்காரர் தன் கடையில் பேசுவது போலவே பேசினார். தையல்காரருக்குப் போடுகிற கண்ணாடி வேறு, லாரி ஓட்டுகிறவருக்குப் போடுகிற கண்ணாடி வேறு. என்ன வேலைக்கு என்று முதலில் கேட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். நாற்பதடியில், மங்கின வெளிச்சத்தில், நகர்கிற கரடியைப் பார்க்க வேண்டும். அப்படியானால் முதலாவது வெளிச்சம். முன்பக்க லென்ஸ் அகலமாக, தெளிவாக இருக்கட்டும். இரண்டாவது, பார்வைப் பரப்பு. கரடி முழுசாகத் தெரிந்தால்தான் தோள் எங்கே என்று தெரியும். மூன்றாவது, கண்ணுக்கும் குழலுக்கும் நான்கு விரற்கடை இடைவெளி. துப்பாக்கி உதைக்கும்போது புருவம் பிழைக்கும். மடங்கு கடைசி. இரண்டோ மூன்றோ போதும், கூடினால் உபத்திரவம்.

டாக்டரம்மா முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். இயக்குநர் மனமார நன்றி சொன்னார். மறுநாள் வந்த கூட்டக் குறிப்பில், ‘ஒளியியல் வல்லுநர் நாற்பத்தோரு அம்சங்களையும் வரவேற்றுப் பேசினார்’ என்று இருந்தது.

இரண்டாவது கூட்டம் வெள்ளிக்கிழமை நடந்தது. கரடிக்கு அது ஒன்பதாவது நாள். அம்சங்களை வரிசைப்படுத்த வேண்டிய நாளும் அதுதான். ஒவ்வொருவரும் தத்தம் அம்சத்துக்கு முதலிடம் கேட்டார்கள். இரண்டாமிடத்துக்கு இறங்கிவர யாருக்கும் அதிகாரம் இல்லை, மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார்கள். ஒரு மணி நேர விவாதத்துக்குப் பிறகு நாற்பத்தொன்றும் முதல் முன்னுரிமை என்று தீர்மானம் ஆயிற்று. அப்புறம் வரிசை எப்படி வரும் என்று கண்ணாடிக்காரர் வாய் தவறிக் கேட்டுவிட்டார். இயக்குநர் அதற்கும் வழி வைத்திருந்தார்: முதல் முன்னுரிமை அ, முதல் முன்னுரிமை ஆ, முதல் முன்னுரிமை இ என்று போய்க்கொண்டே இருக்கலாம். பன்னிரண்டில் உயிரெழுத்து தீர்ந்துவிடுமே என்று கணக்கு அதிகாரி கவலைப்பட்டார்.

“நம்ம மொழியில இருநூத்தி நாப்பத்தேழு எழுத்து இருக்கு,” என்றார் இயக்குநர். “இடம் பத்தாதுங்கிற பயம் இந்தத் துறைக்கு எப்பவும் வராது.”

அன்று உருப்பெருக்கத்துக்கு ‘அ’ கிடைத்தது. பெட்டியின் சதுரத்துக்கு ‘ஊ’. வெளிச்சம் ‘ஙௌ’ வரை போய்விட்டது.

மூன்றாவது கூட்டம் செய்முறைச் சோதனை. விற்பனையாளர்கள் அனுப்பிய ஏழு மாதிரிகள் பட்டுத்துணி விரித்த பெட்டிகளில் வந்து உட்கார்ந்திருந்தன. துப்பாக்கி மட்டும் வரவில்லை. எந்த ஸ்கோப்புக்காக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால்தான் ஆயுத அறையிலிருந்து துப்பாக்கியை வெளியே விடுவார்கள். எந்த ஸ்கோப் என்று தெரியத்தான் இந்தக் கூட்டம். ஆகவே தரை துடைக்கும் குச்சியில் ஸ்கோப்பைக் கயிறு போட்டுக் கட்டினார்கள்.

வெளிச்சத்தைச் சோதிக்க மாலை வேண்டியிருந்தது. மாலைவரை காத்திருக்க யாருக்கும் தோதுப்படாது. ஐந்து மணிக்கு அலுவலகம் மூடிவிடும். இயக்குநர் அங்கேயே ஒரு சுற்றறிக்கை எழுதிக் கையெழுத்திட்டார்: ‘கூட்ட அறையிலும் அதை ஒட்டிய நடைபாதையிலும் காலை பதினொன்றே கால் முதல் பதினொன்றரை வரை மாலை எனக் கருதப்படும்.’ திரைச்சீலைகளை இழுத்து விட்டார்கள். தண்ணீர் புகாத அம்சத்துக்காக ஒரு மாதிரியை மீன்தொட்டிக்குள் போட்டார்கள். மீன்கள் சுற்றிவந்து பார்த்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. அதற்கு முழு மதிப்பெண் கொடுத்தார்கள்.

கணக்கு அதிகாரி முப்பத்திரண்டு மடங்கு ஸ்கோப்பைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு நடைபாதைக் கடிகாரத்தைத் தேடினார். நெடுநேரம் தேடினார். கடைசியில் ஏழு என்ற எண்ணின் வால் தெரிவதாகவும், இவ்வளவு பெரிய வாலைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றும் பூரிப்போடு தெரிவித்தார். மணி என்ன என்று டாக்டரம்மா கேட்டார். அது தெரியவில்லை. அடுத்து உதைப்புச் சோதனை. துப்பாக்கி உதைப்பது போல் குச்சியின் மறுமுனையை ஸ்டோர்காரர் உள்ளங்கையால் ஓங்கித் தட்ட வேண்டும். அவர் பதினாறு வருட சர்வீஸில் மேலதிகாரியை இப்படி ஒரு வாய்ப்போடு சந்தித்ததில்லை. தட்டினார்.

கணக்கு அதிகாரியின் புருவத்தில் வட்டமாக, காம்பஸ் வைத்துப் போட்டது போல் ஒரு வெட்டு விழுந்தது. கண்ணாடிக்காரர் கைக்குட்டையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த நான்கு விரற்கடை இதற்காகத்தான் என்று மெதுவாக எடுத்துச் சொன்னார்.

“நீங்க சொல்றது நியாயம்தான்,” என்றார் கணக்கு அதிகாரி, ஒற்றைக் கண்ணால் படிவத்தைப் பார்த்தபடி. “ஆனா இதுல புருவத்துக்குக் கட்டம் இல்லையே.”

முப்பத்திரண்டு மடங்குக்கே அவர் அதிக மதிப்பெண் போட்டார்.

அன்று சாயங்காலம் டாக்டரம்மா கடைக்கு வந்தார். கண்ணாடி வாங்க இல்லை. கால் வலிக்கிறது, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்றார். பதினாறு நாளாகிவிட்டது. முதலில் டப்பாவைப் பாறையில் மோதிக்கொண்டே இருந்த கரடி இப்போது மோதுவதை விட்டுவிட்டது. முந்தின நாள் துப்பாக்கியை ஆயுத அறையிலிருந்து தன் சொந்தப் பொறுப்பில் எழுதி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். முக்கால் மணி நேரம் குறி பார்த்திருக்கிறார், சுடவில்லை.

“கறுப்பா ஒண்ணு நிக்குது. அதுல எங்கே சுடறது? நான் கொன்னுட்டேன்னா அப்புறம் அந்தக் குழு எதுக்கு, நானே போதுமே.”

பழைய ஸ்கோப் என்ன ஆயிற்று என்று கண்ணாடிக்காரர் கேட்டார். அது கழிவு அலமாரியில் இருக்கிறது. பழுது பார்க்கவே முடியாது என்று எழுதினால்தான் புதிது கேட்க முடியும் என்றதால் அப்படி எழுதிவிட்டார்கள். அப்படி எழுதிய பிறகு பழுது பார்க்க எடுத்தால், எழுதினது பொய்யாகிவிடும்.

பின்னறையில் சாணைச் சக்கரம் நின்றது. கண்ணாடிக்காரர் மனைவி எட்டிப் பார்த்தாள்.

“நீங்கதான் வல்லுநராச்சே. நம்ம கடையில நல்ல லென்ஸைக் காட்டணும்னா பக்கத்துல கீறல் விழுந்ததையும் வெச்சுக் காட்டுவோமில்ல? அந்த மாதிரி, ஒப்பிட்டுப் பாக்க மட்டமான ஒண்ணு வேணும்னு கேளுங்களேன்.”

மறுநாள் காலை கண்ணாடிக்காரர் இயக்குநரைப் பார்த்துக் கேட்டார். ஏழு மாதிரிகளின் மேன்மையை எடுத்துக்காட்ட, மிக மட்டமான மாதிரி ஒன்று தேவைப்படுகிறது. இயக்குநருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. குழுவுக்கு இப்படியொரு ஆழம் இருப்பது தமக்கே தெரியாமல் போயிற்றே என்றார். ‘கடைநிலை மாதிரி’ என்று அதற்கு அங்கேயே பெயர் வைத்து, நான்கு படிகளில் ரசீது போட்டு, ‘பெற்ற நிலையிலேயே திருப்பித் தரப்பட வேண்டும்’ என்று முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

ஸ்கோப்பைப் பிரிக்க கண்ணாடிக்காரருக்கு இருபது நிமிடம் ஆயிற்று. பின்பக்கத்து ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. அது வழியாகத்தான் ஈரம் உள்ளே போயிருக்கிறது. லென்ஸ்களில் ஒரு கீறல்கூட இல்லை. நல்ல காலத்தில் செய்த நல்ல கண்ணாடி. அவர் ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தார். மனைவி, புதுக் கண்ணாடிச் சட்டங்களின் பெட்டிகளில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்து வைத்திருந்தாள். ஒரு மூடிபோட்ட டப்பாவில் அவற்றோடு குழலை இரண்டு மணி நேரம் அடைத்து வைத்தார்கள். புது வளையம் போட்டு மூடியதும் அவர் அதைக் கடை வாசலுக்கு எடுத்துப் போய்ப் பார்த்தார். எதிர்க் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், ஒரு மீன் திரும்புவது தெரிந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆலையின் பின்புறம் பொழுது சாய்கிறபோது ஜீப்பில் மூன்று பேர் இருந்தார்கள். ஜீப்பின் சாவி ஸ்டோர்காரரிடம்தான் இருந்தது. நாளைக்கு யாராவது கேட்டால் நான் வரவில்லை, ஜீப்தான் வந்தது, நான் அதற்குள் இருந்தேன் என்று சொல்லப்போவதாக அவர் முன்கூட்டியே தெரிவித்துவிட்டார்.

கரடி வந்தது. கண்ணாடிக்காரர் கரடியைப் படத்தில் பார்த்தவர்தான். இது நடந்து வந்த விதம் அவர் நினைத்தது போல இல்லை; குடித்தவன் சுவரைத் தடவிக்கொண்டு வீட்டுக்கு வருவது போல வந்தது. இடுப்பெலும்பு தூக்கிக்கொண்டு நின்றது. டப்பாவுக்குள் அது மூச்சு விடுகிற சத்தம் ஜீப்வரை கேட்டது. டாக்டரம்மா ஸ்கோப்பில் கண்ணை வைத்தார், எடுக்கவில்லை. எத்தனை நேரமோ. பிறகு பலூன் உடைந்தது போல ஒரு சத்தம். கரடி துள்ளி நாலடி ஓடிற்று, நின்றது, உட்கார்ந்தது, பக்கவாட்டில் சாய்ந்தது.

தோளில், சரியான இடத்தில் ஊசி நின்றது.

டப்பாவை டாக்டரம்மா கத்தரியால் வெட்டினார். தலையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டியிருந்தது. கண்ணாடிக்காரர் மண்டியிட்டுத் தன் மடியில் அதை வாங்கிக்கொண்டார். கனமாக, சூடாக இருந்தது. புளித்த மாவு வாடை குமட்டியது. டப்பா பிரிந்து விழுந்தபோது, யாரும் சொல்லாமலேயே அவர் கட்டைவிரலால் அதன் இமையைத் தூக்கிப் பார்த்தார். ஒன்று, மற்றொன்று. இமை வீங்கியிருந்தது, கண்ணில் புண் இல்லை. டாக்டரம்மா தெளிய வைக்கும் ஊசியைப் போட்டார். எல்லாரும் ஜீப்புக்கு ஓடிவந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். கால் மணி நேரத்தில் கரடி எழுந்தது. தலையை ஆட்டிப் பார்த்தது, இன்னொரு தரம் ஆட்டிப் பார்த்தது. பிறகு குப்பைமேட்டை விட்டு விலகி, மரங்கள் இருக்கிற பக்கமாகப் போயிற்று. ஸ்டோர்காரர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். வண்டிப் புகை கண்ணில் பட்டுவிட்டது என்றார், வண்டி ஓடிக்கொண்டிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என்ன ஆயிற்று என்று மனைவி கேட்டாள். “கண்ணு நல்லா இருக்கு,” என்று மட்டும் சொன்னார்.

ஆலைக் காவலாளி எடுத்த படம் ஊர் முழுக்கச் சுற்றியது. திங்கட்கிழமை காலை அவசரக் கூட்டம்.

“கரடி பிழைச்சதுல எனக்கும் சந்தோஷம்தான்,” என்றார் இயக்குநர். “ஆனா எந்த அம்சத்தால பிழைச்சது? அது தெரியாம பிழைச்சா, பிழைச்சதுன்னு நாம எப்படி எழுதறது?”

கழிவு என்று எழுதப்பட்ட பொருள் ஏட்டின்படி இல்லாத பொருள் என்று சட்ட ஆலோசகர் விளக்கினார். இல்லாத ஸ்கோப் வழியாக யாரும் பார்த்திருக்க முடியாது. ஆகவே கரடி தானே டப்பாவைக் கழற்றிக்கொண்டது என்று பதிவு செய்வதுதான் எல்லாருக்கும் நல்லது. டாக்டரம்மா தமக்கு ஆட்சேபம் இல்லை என்றார். கரடியும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ஒப்பீட்டுப் பட்டியலை முடிக்க வேண்டும் என்பதற்காக, கடைநிலை மாதிரியைக் கொண்டுவரச் சொல்லி எல்லாரும் ஒரு தடவை பார்த்தார்கள். கணக்கு அதிகாரி, புருவத்தில் பிளாஸ்திரியோடு, நடைபாதைப் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தார். வெகுநேரம் குழலை இறக்கவே இல்லை.

“பத்து மணி நாப்பது,” என்றார் மெல்ல. “முள்ளு ரெண்டும் தெரியுது.”

கடைநிலை மாதிரி ஏழு மாதிரிகளையும் விட நன்றாக இருந்தால், ஏழும் அதற்குக் கீழே போகின்றன. மூன்று கூட்டம், நாற்பத்தோரு அம்சம், ஒரு சுற்றறிக்கை, ஒரு புருவம், அத்தனையும் வீண். இயக்குநர் ரசீதை எடுத்துப் படித்தார். பெற்ற நிலையிலேயே திருப்பித் தர வேண்டும். வியாழக்கிழமைக்குள் மாதிரி பழைய நிலைக்கு வராவிட்டால், கழிவுப் பொருளை அனுமதியின்றிப் பயன்படுத்தியதற்காக டாக்டரம்மா மேல் நடவடிக்கை வரும். சொல்லும்போது அவர் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. அதுதான் கண்ணாடிக்காரருக்குப் பயமாக இருந்தது.

மூன்று நாள் அவர் ஸ்கோப்பைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். ஒரு நல்ல கண்ணாடியைத் தெரிந்தே கெடுப்பது அவரால் ஆகிற காரியமாக இல்லை. கெடுக்காவிட்டால் டாக்டரம்மாவுக்கு வேலை போகும். வேலை போனால் அடுத்த கரடிக்கு யார்? புதன்கிழமை மனைவி அவர் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு பின்னறைக்குப் போனாள். பவர் இல்லாத மெல்லிய கண்ணாடித் தகடு இரண்டை வட்டமாக வெட்டி, சொரசொரப்பான சாணைப் பொடியில் தேய்த்தாள். பால் ஊற்றினது போல வெளுத்தது. ஒன்றை முன்பக்க விளிம்பிலும் ஒன்றைப் பின்பக்க விளிம்பிலும் அழுத்தி உட்கார வைத்தாள். நகத்தால் நெம்பினால் வந்துவிடும். நெம்பத் தெரியாதவர்களுக்கு அது ஸ்கோப்பின் வியாதி.

வியாழக்கிழமை இயக்குநர் எழுந்து நின்று ஸ்கோப்பைக் கண்ணில் வைத்தார். கடிகாரப் பக்கம் பார்த்தார், ஜன்னல் பக்கம் பார்த்தார், கடைசியில் டாக்டரம்மாவையே நேராகப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“ஒண்ணுமே தெரியல,” என்றார். “இப்பதான் சரியா இருக்கு.”

குழல் மேசையைச் சுற்றி வந்தது. சட்ட ஆலோசகர் பார்த்து நிம்மதிப் பெருமூச்சு விட்டார். கணக்கு அதிகாரி பார்த்து, பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டு அடுத்தவரிடம் கொடுத்தார். ஸ்டோர்காரரிடம் வந்தபோது அவர் விரல் நகம் ஒரு கணம் விளிம்பில் தயங்கியது. கண்ணாடிக்காரரைப் பார்த்தார், டாக்டரம்மாவைப் பார்த்தார். கழிவு அலமாரி எப்போதும் பூட்டித்தான் இருக்கும், சாவி தன்னிடம்தான் இருக்கும், அவசரம் என்றால் எந்த நேரமும் கூப்பிடலாம் என்று பொதுவாக, யாரிடமும் இல்லாதது போலச் சொன்னார். அவ்வளவு நீளமாக அவர் அந்த அறையில் பேசியதில்லை.

ஒரே ஒரு சம்பிரதாயம் பாக்கி இருந்தது. வல்லுநர் சான்றிதழ். தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்த தாளை இயக்குநர் கண்ணாடிக்காரர் முன்னால் நகர்த்தினார். ‘பார்வை முழுமையாக மங்கியுள்ளது என்றும், சீராவதற்கான அறிகுறி எதுவும் இல்லை என்றும், நேரில் பரிசோதித்துச் சான்றளிக்கிறேன்’ என்று எழுதியிருந்தது. கண்ணாடிக்காரர் ஒரு தடவை படித்தார். தலை நிமிர்ந்து மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு பேனாவின் மூடியைக் கழற்றி, முழுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.